‘நாம்’ என்பவர் யார்?
திருக்குர்ஆனில் கூற்றும் தமிழ் இலக்கண வழக்கும்

அகப்பாடல் ஒன்றைக் கற்பிக்கப் புகும் தமிழாசிரியர் முதலில் நோக்குவது பாட்டை அன்று. பாட்டின் அடியில் நிற்கும் கூற்றுக் குறிப்பையே. தலைவி தோழிக்குச் சொல்லியதா, தோழி செவிலிக்கு அறத்தொடு நின்றதா, தலைவன் தன் நெஞ்சிற்குக் கிளந்ததா என்பது தெரிந்த பின்னரே பாட்டு வாய் திறக்கும். அக்குறிப்பு இல்லையேல் ‘அவன் வாரான்’ என்னும் இரு சொல்லுக்குள் ஏக்கமும் இருக்கலாம், ஏளனமும் இருக்கலாம். சொல்பவர் யார், கேட்பவர் யார் என்னும் வினா தமிழ் மரபில் உரையாசிரியரின் முதல் வினா.

அதே வினாவை இஸ்லாமியரின் திருமறையிடம் எழுப்பினால் என்ன ஆகும்? திருக்குர்ஆன் 114 அத்தியாயங்களும் 6,200க்கு மேற்பட்ட வசனங்களும் கொண்டது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் அதன் பெயர் உண்டு. அது மக்காவில் அருளப்பெற்றதா, மதீனாவில் அருளப்பெற்றதா என்னும் குறிப்பும் அச்சுப் படிகளில் உண்டு. ஆனால் ‘இன்னார் இன்னார்க்குக் கூறியது’ என்னும் துறைக்குறிப்பு எங்கும் இல்லை. மேற்கோட் குறிகளும் இல்லை. ‘நான்’, ‘நாம்’, ‘அவன்’, ‘நீ’, ‘நீங்கள்’ ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகவும், சில வேளை ஒரே வாக்கியத்திலும் வந்து நிற்கின்றன.

இஸ்லாமியரின் விடை ஒன்றே. மறை முழுதும் இறைவன் மொழி. அதைக் கொணர்ந்தவர் வானவர் தலைவர் ஜிப்ரீல். கேட்டு ஓதிக்காட்டியவர் நபிகள் நாயகம். கி.பி. 610ஆம் ஆண்டளவில் ஹிரா மலைக்குகையில் முதன்முதல் இறங்கிய சொல்லே ‘ஓதுவீராக’ என்னும் ஏவல். ஏவல் என்றால் ஏவியவர் ஒருவர், ஏவப்பெற்றவர் ஒருவர் என்பது சொல்லாமலே விளங்கும். எனினும் இவ்விடையோடு இலக்கண வினா தீர்ந்துவிடுவதில்லை. இறைவன் மொழியாகிய அந்நூலுக்குள்ளேயே வானவர் பேசுகின்றனர், ஜின்கள் பேசுகின்றனர், மூசாவும் பிர்அவ்னும் வாதிடுகின்றனர், எறும்பும் ஓரிடத்தில் பேசுகிறது. ஒரு குரலுக்குள் பல குரல். அவற்றைப் பிரித்தறிய வேண்டிய கடமை உரைகாரருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. தமிழில் பெயர்ப்பவருக்கு அக்கடமை பிறரினும் கடுமையானது. காரணம் பின்னர் விளங்கும்.

‘கூறுவீராக’

மறையில் 300க்கு மேற்பட்ட இடங்களில் ‘குல்’ என்னும் சொல் வருகிறது. ‘கூறு’ என்பது அதன் பொருள். நபியை நோக்கி இறைவன் இடும் ஏவல் அது. இச்சொல் நிற்கும் நிலையே வியப்பானது. தோட்டத்துத் துரை கங்காணியிடம், ‘நாளைக்கு வேலை இல்லை என்று சொல்’ என்கிறார் என்று கொள்ளலாம். கங்காணி மறுநாட் காலை பெரட்டுக் களத்தில் நின்று, ‘இன்றைக்கு வேலை இல்லை’ என்பாரே அன்றி, ‘இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்’ என்று ஆட்களிடம் கூறமாட்டார். தூது சொல்பவர் செய்தியைச் சொல்வர். தம்மை ஏவிய சொல்லை விட்டுவிடுவர். நபிகள் நாயகமோ அவ்வேவற் சொல்லையும் விடாமல் ஓதினார்; இன்றும் தொழுகையில் நிற்பவர் அதை விடாமலே ஓதுகின்றனர். இறைவனின் ஒருமையை நான்கு சிறு வசனங்களில் கூறும் 112ஆம் அத்தியாயம் ‘குல்’ என்றே தொடங்குகிறது. தம் சொல்லை ஒன்றும் சேர்க்காமலும் வந்த சொல்லை ஒன்றும் குறைக்காமலும் தூதர் ஒப்படைத்தார் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவது இஸ்லாமிய அறிஞர் வழக்கம்.

ஆனால் ‘குல்’ இல்லாமலே நபியின் குரல் ஒலிக்கும் இடங்களும் உள. 27ஆம் அத்தியாயத்தின் 91ஆம் வசனத்தில், இந்நகரின் இறைவனை வணங்கவே தாம் பணிக்கப்பெற்றதாக ஒருவர் தன்மையிற் பேசுகிறார். வணங்கப் பணிக்கப்பெற்றவர் இறைவனாக இருத்தல் இயலாது, பேசுபவர் நபியே. 51ஆம் அத்தியாயத்தில், இறைவன்பால் விரையுமாறு மக்களை அழைத்துத் தம்மை எச்சரிப்பவர் என்று கூறிக்கொள்பவரும் அவரே. 6ஆம் அத்தியாயத்தின் 104, 114ஆம் வசனங்களும் இத்தகையன. இங்கெல்லாம் உரைகாரர், ‘கூறுவீராக’ என்னும் சொல் தொக்கு நிற்பதாகக் கொள்வர். தமிழ் உரையாசிரியர் சொல்லெச்சம் வருவித்துப் பொருள் முடிப்பதை ஒத்தது இது.

வானவர் குரல் இன்னும் நுட்பமானது. 19ஆம் அத்தியாயத்தின் 64ஆம் வசனம் ‘உம் இறைவனின் கட்டளையின்றி இறங்குவதில்லை’ என்னும் கருத்தைத் தன்மைப் பன்மையிற் கூறுகிறது. அதற்கு முன்னும் பின்னும் பேசுபவர் மாறியதாக எந்த அடையாளமும் இல்லை. இதற்கு இப்னு அப்பாஸ் வழியாக ஒரு செய்தி உண்டு. ஜிப்ரீல் சிலகாலம் வாராதிருந்தார். வந்தபோது, ‘இன்னும் அடிக்கடி வரலாகாதா?’ என்று நபிகள் நாயகம் வினவினார். அதற்கு விடையாக வந்ததே இவ்வசனம் என்பது அச்செய்தி. இவ்வளவு பின்னணியும் தெரிந்தால்தான் ‘இறங்குவதில்லை’ என்பவர் யார் என்பது புலனாகும். அகப்பாட்டின் துறைக்குறிப்புச் செய்யும் பணியை இங்கே அருளப்பெற்ற சூழலைக் கூறும் வரலாற்றுச் செய்தி செய்கிறது. அரபியர் இதற்கென ஒரு கலையையே வளர்த்தனர்.

மேனாட்டு அறிஞரும் இதை நோக்காமல் இல்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு பெல் என்பாரின் குர்ஆன் அறிமுக நூல் அவர் மறைவுக்குப் பின் 1953இல் வெளிவந்தது. எல்லா வசனங்களிலும் இறைவனே நேரே பேசுவதாகக் கொண்டால் சில இடங்களில் இடர்ப்பாடு எழுகிறது என்றும், ‘நாம்’ என்பது வானவரின் குரலாக இருக்கும் இடங்கள் உள என்றும் அவர் கருதினார். இக்கருத்து முழுதும் புதியதன்று. அவர் காட்டிய இடங்களிற் பலவற்றை அவருக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே அரபு உரைகாரர் கண்டு, தத்தமக்கு ஏற்ற விடையும் எழுதி வைத்திருந்தனர்.

திரும்பிப் பார்த்தல்

அவர்கள் கண்ட விடைக்குப் பெயர் ‘இல்திஃபாத்’. முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புதல் என்பது அச்சொல்லின் பொருள். படர்க்கையிற் பேசிக்கொண்டிருந்தவர் முன்னிலைக்குத் திரும்புவதும், தன்மையிலிருந்து படர்க்கைக்குத் திரும்புவதும் இதன்பாற் படும். இப்னுல் அதீர் (1163–1239) என்னும் அணியியல் அறிஞர் இதனை அரபு மொழியின் வீரம் என்றே போற்றினார்.

17ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் இதற்குச் சிறந்த காட்டு. தன் அடியாரை ஓரிரவில் மக்காவின் பள்ளியிலிருந்து எருசலேமின் பள்ளிக்கு அழைத்துச் சென்றவனைப் போற்றி அது தொடங்குகிறது. அங்கே இறைவன் ‘அவன்’. வாக்கியம் முடியுமுன்னே, அப்பள்ளியின் சுற்றுப்புறத்தை வளமாக்கியதும் சான்றுகளைக் காட்டுவதும் ‘நாம்’ செய்தவையாகின்றன. ஈற்றில் மீண்டும், கேட்பவனும் காண்பவனும் ‘அவன்’. ஒரு வசனத்துக்குள் இரு திருப்பம். தமிழ்ப் பிள்ளை கட்டுரையில் இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார்.

கோடிடுமுன் நன்னூலை ஒருமுறை புரட்டுதல் நன்று. ஓர் இடத்திற்கு உரிய சொல் மற்றோர் இடத்தைத் தழுவி வருதலைப் பவணந்தியார் முற்றும் விலக்கவில்லை, வழுவமைதியாக ஏற்றுக்கொண்டார். ‘இந்தக் கந்தன் பொய் சொல்லுவேனா?’ என்று கந்தனே கூறும்போது எழுவாய் படர்க்கை; பயனிலை தன்மை. கேட்பவர் எவரும் மயங்குவதில்லை. மாறாக, ‘நான் பொய் சொல்லுவேனா?’ என்பதில் இல்லாத ஓர் அழுத்தம் அதில் ஏறிவிடுகிறது. ‘முத்தம்மா பெற்ற பிள்ளை பசியோடு போவானா?’ என்று முத்தம்மாவே தன் மகனைத் தடுத்து நிறுத்துவதும் இவ்வகையே. இடம் மாறுவது ஆள் மாறுவதற்கு அடையாளம் ஆகவேண்டும் என்பதில்லை. இந்த உண்மையை அரபியர் அணியாகக் கண்டனர். தமிழர் வழுவமைதியாகக் கண்டனர். அணி என்றது பெருமிதம். வழுவமைதி என்றது எச்சரிக்கை. இரு மொழியாரின் இயல்பையும் இப்பெயர்களே காட்டிவிடுகின்றன போலும்.

குவாரஸ்ம் நாட்டைச் சேர்ந்த ஸமக்ஷரீ (1075–1144) தம் ‘கஷ்ஷாஃப்’ என்னும் உரையில் முதல் அத்தியாயமாகிய ஃபாத்திஹாவை இவ்வகையில் விளக்கினார். ஏழு வசனங்களே கொண்ட அவ்வத்தியாயம் இறைவனைப் படர்க்கையிற் புகழ்ந்து தொடங்குகிறது. அருளாளன், தீர்ப்பு நாளின் அரசன் என்றெல்லாம் கூறிச் செல்கிறது. பின் திடுமென ‘உன்னையே’ என்று முன்னிலைக்குத் திரும்புகிறது. பண்புகளைக் கூறக் கூற, கூறுபவன் உள்ளத்தில் இறைவன் அண்மையனாகின்றான்; அண்மையனானவனை அதற்குமேல் ‘அவன்’ என்பது எங்ஙனம் என்பது அவர் விளக்கத்தின் சாரம். தமிழ்ப் பக்திப் பாடல்களில் பழகிய காதுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஃபாத்திஹா பற்றிய வேறொரு செய்தியும் இங்கே நோக்கத்தக்கது. அது மனிதன் வாயிலிருந்து எழும் வேண்டுதல். அப்படியானால் அது எவ்வாறு இறைவன் மொழியாகும்? எப்படி வேண்டவேண்டும் என்று இறைவனே கற்பித்தான் என்பது மரபு விடை. நபிமொழி ஒன்று இதனை இன்னும் அழகாக்குகிறது. அத்தியாயத்தை இறைவன் தனக்கும் தன் அடியானுக்கும் இரு பாதியாகப் பகுத்தான். அடியான் ஒவ்வொரு வசனத்தை ஓதும்போதும் இறைவன் அதற்கு மறுமொழி தருகிறான் என்பது அது. ஒருவர் குரலாக எழுதப்பெற்றது இவ்வாறு இருவர் உரையாடலாகிவிடுகிறது. நாள்தோறும் ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் 17 முறை இவ்வுரையாடல் நிகழ்கிறது.

அந்நபிமொழியில் இறைவன் தன்மையிற் பேசினும் அது குர்ஆன் ஆகாது என்பதை மறத்தல் கூடாது. கருத்து இறைவனுடையது, சொல் நபியினுடையது எனப்படும் இத்தகைய மொழிகளை ‘ஹதீஸ் குத்ஸி’ என்று தனியே பிரித்து வைத்தனர். சொல்லும் பொருளும் இறைவனுடையன ஆயின் குர்ஆன், இரண்டும் நபியுடையன ஆயின் பொது ஹதீஸ், இடைப்பட்டது இது. சொல்பவர் யார் என்னும் வினாவுக்கு இத்துணைத் துல்லியமாகப் பெட்டி பிரித்து வைத்த சமய இலக்கியங்கள் சிலவே. சேக்கிழாருக்கும் சுந்தரருக்கும் இறைவன் முதற்சொல் எடுத்துக்கொடுத்ததாகச் சைவ மரபு கூறும்; எஞ்சிய பாட்டு அவர்கள் பாட்டே. இஸ்லாமிய மரபிலோ எடுத்துக்கொடுத்த சொல் வேறு, பாடியவர் சொல் வேறு என்று கலக்கவே இடமில்லை.

கசையடி பெற்ற வினா

இது ஏட்டுச் சண்டையாக மட்டும் நின்றுவிடவில்லை. கி.பி. 833இல் பகுதாதின் கலீஃபா அல் மஃமூன், நீதிபதிகளையும் மார்க்க அறிஞரையும் அழைத்து ஒரே வினாவை வினவுமாறு ஆணையிட்டார். குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா? படைக்கப்பட்டது என்பது முஃதஸிலா பிரிவினரின் கொள்கை. கலீஃபாவின் கொள்கையும் அதுவே. இறைவன் ஒருவனே என்றுமுள்ளவன். அவன் மொழியும் என்றுமுள்ளது என்றால் என்றுமுள்ளவை இரண்டாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர்.

மறுதரப்பினர் கேட்ட கேள்வி கூர்மையானது. பள்ளத்தாக்கில் ஒரு மரத்தினின்று மூசாவுக்குக் குரல் கேட்டது. ‘நானே இறைவன்’ என்னும் கருத்து அக்குரலில் இருந்தது. அச்சொற்கள் மரத்திலே படைக்கப்பட்டவை என்றால், ‘நானே இறைவன்’ என்று கூறியது யார்? மரமா? படைக்கப்பட்ட பொருள் ஒன்று அப்படிக் கூறலாமா? எழுவாயைப் பற்றிய ஓர் இலக்கண வினா இறையியலின் அடிமரத்தையே அசைத்தது.

அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855) கலீஃபாவின் கொள்கைக்கு இணங்க மறுத்தார். சிறைப்பட்டார், அடுத்த கலீஃபா அல் முஃதஸிம் காலத்தில் கசையடியும் பட்டார். 847இல் ஆட்சிக்கு வந்த அல் முதவக்கில் காலத்திலேதான் இவ்விசாரணைகள் ஓய்ந்தன. அடிபட்டவர் பக்கமே பின்னர் சமூகத்தின் பெரும்பான்மை நின்றது. அல் அஷ்அரீ (மறைவு 936) வழிவந்தோர், இறைவனின் பேச்சு என்னும் பண்பு அநாதியானது. வாயால் ஒலிப்பதும் மையால் எழுதுவதும் பிற்பட்டவை என்று வேறுபடுத்தி அமைதி கண்டனர்.

பகுதாதின் இந்தப் பழைய வழக்கு சிலாங்கூரின் கம்பங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. மலாய்ச் சிறுவர் சமயப் பாடத்தில் மனனம் செய்யும் ‘சிஃபாத் டுவா புலோ’ என்னும் 20 இறைப்பண்புகளுள் 13ஆவது ‘கலாம்’, அதாவது பேச்சு; 20ஆவது, பேசுவோனாக இருத்தல். பாடம் ஒப்பிக்கும் சிறுவனுக்கு இப்னு ஹன்பலின் முதுகு நினைவுக்கு வாராது. ஆயினும் அவ்விரு சொற்களுக்குப் பின்னே அந்த முதுகு இருக்கிறது.

‘நாம்’, ‘நாங்கள்’, ‘காமி’, ‘கீத்தா’

இனித் தமிழுக்கே உரிய இடர்ப்பாடு. அரபியில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே: ‘நஹ்னு’. இறைவன் கூறினும் அதுவே. வானவர் கூறினும் அதுவே. தொழுவோர் கூறினும் அதுவே. ஆங்கிலத்திலும் உருதுவிலும் நிலை இதுதான். டில்லியில் ஷா அப்துல் காதிர் 1790இல் குர்ஆனை உருதுவில் முடித்தபோது ‘ஹம்’ என்று எழுதி மேலே செல்ல முடிந்தது. தமிழில் அப்படி இயலாது. கேட்பவரைச் சேர்த்துக் கூறுவது ‘நாம்’; சேர்க்காமற் கூறுவது ‘நாங்கள்’; பழந்தமிழில் ‘யாம்’. வினைமுற்று விகுதியிலும் இவ்வேறுபாடு இருந்ததை நன்னூல் பகுத்துக் காட்டும். அம், ஆம் முன்னிலையாரைத் தன்னொடு சேர்க்கும். எம், ஏம், ஓம் படர்க்கையாரைச் சேர்க்கும். வடமொழிக்கு இல்லாத இவ்விரட்டைப் பன்மை திராவிட மொழிகளின் தனிப் பண்புகளுள் ஒன்று என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக் காட்டினார்.

ஆகவே தமிழில் எழுதுபவர் ‘நஹ்னு’வைக் கண்ட இடமெல்லாம், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அரபு மூலம் வாய்மூடி நிற்கும் இடத்திலும் தமிழ் வாய்திறந்தே தீரவேண்டும். ஃபாத்திஹாவில் அடியார்கள் இறைவனை நோக்கிப் பேசுவதால் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும். ‘நாம்’ என்றால் வணங்கப்படுபவனும் வணங்குவோர் கூட்டத்திற் சேர்ந்துவிடுவான். 72ஆம் அத்தியாயத்தில் தாம் கேட்ட ஓதுதலைப் பற்றித் தம் இனத்தாரிடம் கூறும் ஜின்கள் ‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்டவர் ஒரு சிலர், இனம் பெரிது, எனவே ‘நாங்கள்’.

இறைவன் கூற்றுக்கோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெரிதும் கைக்கொண்டது ‘நாம்’. ‘நாங்கள்’ என்றால் பலர் சேர்ந்து பேசும் ஒலி வந்துவிடும். இறைவன் ஒருவனே என்னும் அடிப்படைக்கு அது ஊறு. ‘நாம்’ என்பதற்கோ தமிழில் ஒரு சிறப்புத் தகுதி முன்னரே இருந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் இராசராசன் தன்னை ‘நாம்’ என்றே கூறிக்கொள்கிறான். ஆணை பிறப்பிக்கும் ஒருவனின் பன்மை அது. எண் குறித்த பன்மை அன்று. அந்த அரசவைப் பெருமிதம் மறைமொழிக்குக் கைகொடுத்தது. ‘யாம்’ என்பது இலக்கணப்படி இன்னும் பொருத்தம் உடையது. கேட்பவரை உட்படுத்தாதது, மாட்சிமை மிக்கது. ஆயினும் நாடக மேடையில் தெய்வங்களும் மன்னரும் அச்சொல்லை நெடுநாள் ஆண்டுவிட்டமையால் அதனிடம் அரிதாரப் பூச்சு ஒட்டிக்கொண்டது. அதை ஒதுக்கியது நல்ல செவியுணர்வு என்றே கூறவேண்டும்.

மலாயில் இதே வேறுபாடு உண்டென்பது கோலசிலாங்கூர் முதல் புக்கிட் பெருந்துங் வரையுள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. கேட்பவரைச் சேர்த்தால் ‘கீத்தா’, சேர்க்காவிடில் ‘காமி’. (தோட்டத்துக் கித்தா மரத்துக்கும் இதற்கும் உறவில்லை, அது ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு.) உலகின் பெரிய மொழிகள் பலவற்றுக்கு இல்லாத இந்நுட்பத்தை அப்பிள்ளைகள் இரு மொழியிலும் இயல்பாகக் கையாளுகின்றனர். மலாய் மொழிபெயர்ப்பாளரின் தேர்வோ தமிழருக்கு நேர் எதிரானது. இறைவன் பேசும் இடத்தில் அவர்கள் இட்டது ‘காமி’. கேட்பவரைச் சேர்க்காத பன்மை. படைத்தவனும் படைப்பும் ஒரு சொல்லில் கலத்தலாகாது என்னும் கருத்துக்கு இது இயைந்தது. மலாய் அரசர் தம்மைக் குறிக்கும் சொல் ‘பேத்தா’. ஆதலால் தமிழ் ‘நாம்’ போன்ற அரசவைப் பன்மை அங்கே கைக்கு எட்டும் தொலைவில் இல்லை. விளைவு என்ன? மலாயில் ஃபாத்திஹாவின் அடியாரும் ‘காமி’, இறைவனும் ‘காமி’. பெரிய எழுத்து ஒன்றே வேறுபாடு காட்டும். காதுக்கு அதுவும் இல்லை. தமிழில் இருவர்க்கும் சொல்லே வேறு. ஆனால் தமிழ் ‘நாம்’, பழகாத செவிக்கு, கேட்பவரையும் உள்ளிழுப்பதாகப் படக்கூடும். இரு மொழியும் ஒன்றைக் காத்து ஒன்றை விட்டன.

‘அவன்’, ‘அவர்’

இதனினும் பெரிய சிக்கல் மரியாதைச் சொற்களில் எழுகிறது. அரபியில் ஒருமை ‘நீ’ ஒன்றே, ‘அவன்’ ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்றும், அவன், அவர் என்றும் படிகள் உள. தமிழ் முஸ்லிம்கள் இறைவனை ‘அவன்’ என்பர். நபியை ‘அவர்கள்’ என்பர். புறத்தே நிற்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். உள்ளே ஒரு தருக்கம் உண்டு. ஒருவன் என்பதை மொழியாலும் ஐயமற ஒருவன் ஆக்குதலே ‘அவன்’. தமிழ்க் கிறிஸ்தவ வேதாகமம் கடவுளை ‘அவர்’ என்றும் ‘நீர்’ என்றும் வழங்குதலோடு ஒப்பிட்டால் இது தனித்துத் தெரியும்.

இந்தப் படிகளால் மொழிபெயர்ப்பாளர் உரைகாரராகவும் மாற நேர்கிறது. 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் சிறந்த சான்று. குருடர் ஒருவர் வந்தமைக்காக ஒருவர் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார் என்று படர்க்கையில் அது தொடங்குகிறது. மூன்றாம் வசனத்தில், ‘உமக்கு என்ன தெரியும்?’ என்னும் கருத்தில் முன்னிலைக்குத் திரும்புகிறது. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் பேசிக்கொண்டிருந்தபோது இப்னு உம்மி மக்தூம் என்னும் பார்வையற்றவர் இடையே வந்தார். அவரைக் கவனியாமை குறித்து இறைவன் நபியையே கடிந்த மொழி இது என்பது ஸுன்னி உரைகாரரின் பொதுக் கொள்கை. நேரே ‘நீர் சுளித்தீர்’ என்னாமல் ‘அவர்’ என்றது கடிதலிலும் ஒரு கனிவு என்று அவர்கள் கூறுவர். ஷீஆ உரைகாரர் பலர் இதை ஏற்பதில்லை. முகம் சுளித்தவர் நபி அல்லர், அவையிலிருந்த வேறொருவர் என்பர். தபாதபாயீ (1904–1981) தம் ‘மீஸான்’ உரையில், அவ்வசனம் நபியையே குறிக்கிறது என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்று வாதிட்டார்.

இத்தனை நூற்றாண்டு வழக்கையும் தமிழ் ஒரே எழுத்தில் தீர்ப்பளித்துவிடும். ‘சுளித்தார்’ என்றால் ஒரு கட்சி. ‘சுளித்தான்’ என்றால் மறுகட்சி. நடுவில் நிற்க விகுதி இல்லை. 10ஆம் அத்தியாயத்தின் 94ஆம் வசனமும் இத்தகையதே. அருளப்பெற்றதில் ஐயமிருப்பின் முன்னை வேதம் ஓதுவாரைக் கேட்குமாறு அது ஒருமை முன்னிலையிற் கூறுகிறது. ஐயுறுபவர் நபியா, கேட்கும் மனிதர் எவரோ ஒருவரா என்று உரைகாரர் ஆராய்ந்தனர். தமிழில் ‘நீர்’ என்று எழுதினால் நபி. ‘நீ’ என்று எழுதினால் பிறன்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தமிழர் கண்ட கருவி பிறை அடைப்பு. 19ஆம் நூற்றாண்டிலேயே காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் ஆலிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் விரிவுரைகள் செய்தனர். 20ஆம் நூற்றாண்டில், ‘தாருல் இஸ்லாம்’ இதழை நடத்திய பா. தாவூத் ஷா (1885–1969) தமிழெழுத்தில் குர்ஆன் விளக்கம் வெளியிட்டார். அப்துல் ஹமீது பாகவி மறை முழுவதையும் தமிழாக்கினார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் கற்றவர் என்பதைக் காட்டுவது ‘பாகவி’ என்னும் அடைமொழி. அவரது தமிழாக்கத்தில் ‘நபியே’ என்னும் விளியும் கூற்றுக்குரியவர் பெயரும் அடைப்புக்குள் நிற்கக் காணலாம். மூலத்தில் இல்லாத சொல் இது என்று நேர்மையாக அறிவிக்கும் வேலி அது. அகநானூற்றுக் குறிப்புப் பாட்டுக்கு அடியில் நிற்பதுபோல இக்குறிப்பு வசனத்துக்கு நடுவில் நிற்கிறது. உரக்கப் படிக்கும்போது மட்டும் வேலி மறைந்துவிடுகிறது. அடைப்புக்கு ஒலி இல்லை.

காப்பியம் பாடிய உமறுப்புலவருக்கு இத்தொல்லை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் சீறாப்புராணத்தில் நபிப்பட்டம் பெற்ற படலத்தில் ஜிபுறயீல் வருகிறார், உரைக்கிறார், நபி விடை கூறுகிறார். எல்லாம் ‘என்றார்’ என்னும் சொல்லால் கட்டுண்டு கிடக்கும். சொல்பவர் புலவர், அவர் சொல்லச் சொல்ல மற்றவர் பேசுவர். காப்பியத்துக்கும் மறைக்கும் உள்ள வேற்றுமை இந்த ‘என்றார்’ ஒன்றில் அடங்கிவிடுகிறது. மறையில் ‘என்றார்’ என்று கூறும் புலவர் ஒருவர் வெளியே இல்லை.

மனிதன் மட்டுமே பேசும் நூல்களும் மலேயாத் தமிழரிடம் இருந்தன. சிங்கப்பூரில் அச்சாகி இன்றளவும் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையது 1872இல் வந்த ‘முனாஜாத்துத் திரட்டு’. நாகூர் முஹம்மது அப்துல் காதிறுப் புலவர் பாடியது. ‘முனாஜாத்து’ என்றால் இறைவனோடு தனித்துப் பேசுதல், இறைஞ்சுதல். அங்கே கூற்று யாருடையது என்று எவரும் வினவ வேண்டியதில்லை.

மறை ஓதும் வேளையிலும் மனிதன் தன் சொல்லாக ஒன்றைச் சேர்க்கும் இடம் உண்டு. ஃபாத்திஹா முடிந்ததும் கூறும் ‘ஆமீன்’ குர்ஆனின் சொல் அன்று. ஏழு வசனங்களில் அது எண்ணப்படுவதில்லை. மறைப்படிகளில் எழுதப்படுவதும் இல்லை. மலாய்க்காரரும் மரைக்காயரும் ஷாஃபிஈ வழியினர். தலைவர் உரக்க ஓதும் தொழுகையில் அவர்கள் ஆமீனையும் உரக்கக் கூறுவர். இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். அதே வரிசையில் தோளோடு தோள் நின்று அச்சொல்லைத் தமக்குள் மெல்லக் கூறிக்கொள்வர்.